வந்திறங்குமுன் வண்டி பேசுதல்
(பிரயாண பாடம்)

நம் கரையோர ஊர்களிலே ‘சபுராளி’ என்றொரு சொல் வழங்குகிறது. கடல் கடந்து சென்று பொருளீட்டி வருபவருக்கு அப்பெயர். சபுர் என்பது பிரயாணம். வியாபாரமும் பிரயாணமும் நம்மவருக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆயினும், சரக்குப் பேசுவதில் நாம் காட்டும் கருத்தைச் சபுர் பேசுவதில் காட்டுகிறோமா என்று கேட்டால், பலர் தலை குனியவே நேரும். ஒரு மூட்டை மிளகுக்கு நூறு கேள்வி கேட்கும் நாம், பெற்ற தகப்பனாரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வண்டி பேசும்போது “ஆள் இருக்கிறார், வந்துவிடுவார்” என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துவிடுகிறோம்.

இந்த ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லி மேலே செல்வோம்.

ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன், வாட்ஸ்அப் எல்லார் கையிலும் வந்திராத நாள். ஜொகூர் பாருவில் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர், எழுபது வயது கடந்த தம் வாப்பாவை ஊரிலிருந்து வரவழைத்தார். திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறி, செனாயில் இறங்கும்படி டிக்கெட். திருச்சி விமானம் புறப்படும் நேரம் 15ஆம் தேதி 12.40 என்று அச்சாகியிருந்தது. அது நள்ளிரவு கடந்த 12.40. அதாவது 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஊரிலிருந்தவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு பெரியவரை ஏற்றிவிட்டார்கள். மகனாரோ, “15 இரவு ஏறுகிறார், 16 காலை வருகிறார்” என்று கணக்கிட்டு, தெரிந்த ஒருவரிடம் 16ஆம் தேதி காலைக்கு வண்டி சொல்லிவைத்தார்.

15ஆம் தேதி முற்பகலில் பெரியவர் செனாயில் இறங்கினார். கோலாலம்பூரில் சக்கர நாற்காலி உதவியாளர் அடுத்த விமானத்தில் பத்திரமாக ஏற்றிவிட்டிருந்தார். செனாயிலோ அவரை எதிர்கொள்ள யாருமில்லை. ஊர்க் கைபேசி இங்கே பேசவில்லை. சட்டைப்பையில் இருந்த சீட்டில் மகனுடைய கடையின் எண் மட்டும் இருந்தது. மகனாரோ அன்று கொள்முதலுக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தார். பெரியவர் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். லுஹர் கடந்தது, அஸர் ஆயிற்று. அங்கே துப்புரவு வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்மணி அவரைக் கவனித்து, விவரம் கேட்டு, தம் சொந்தக் கைபேசியிலிருந்து கடைக்கு விடாமல் அழைத்துச் செய்தி சேர்ப்பித்தார். மாலையில் மகனார் ஓடோடி வந்தபோது வாப்பா சொன்னது இவ்வளவே: “நீ வருவாய் என்றுதான் இருந்தேன். பசிக்கவில்லை.”

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஓட்டுநர் சொன்ன நாளில் வரவே இருந்தார். மகன் அன்பில் குறைந்தவரல்லர். குறைந்தது ஒன்றே: பேச்சு முழுமையாக இல்லை. அப்பேச்சை முழுமையாக்கும் வகையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கப்பல் காலமும் இக்காலமும்

முற்காலத்தில் இத்தகைய பாடம் தேவைப்படவில்லை. ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என வந்த காலத்தில், கப்பல் என்று வரும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். துறைமுகத்தில் யாராவது ஓர் ஊர்க்காரர் நிற்பார். வந்தவரைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று சோறு போட்டு, மறுநாள் சேருமிடம் சேர்ப்பார். ரஜூலா 1973இல் அவ்வழியிலிருந்து விலகியது. 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலின் போக்குவரத்தும் நின்றது. இன்று நாளொன்றுக்குப் பல விமானங்கள், பல நேரங்கள், பல வாசல்கள். யார் எதில் வருகிறார் என்பதைச் சொன்னாலன்றி ஒருவரும் அறியார். ஊர்க்காரர் நின்ற இடத்தில் இன்று ஓர் ஒப்பந்தம் நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வொப்பந்தத்திற்கு ஐந்து கால்கள்: இடம், நேரம், ஆள், கூலி, அடையாளம்.

1. எந்த இடத்தில் இறங்குகிறீர்?

“ஜொகூருக்கு வருகிறேன்” என்பது முகவரியன்று. ஜொகூர் பாருவுக்கு வருபவருக்கு மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது செனாய். 1974இல் திறக்கப்பட்ட இந்நிலையம் கூலாய் மாவட்டத்தில், நகரின் நடுவிலிருந்து 30 கிலோமீட்டர் அளவிலுள்ளது. கோலாலம்பூரில் மாறி வருபவர் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவதால், செனாயில் விரைவிலேயே வெளியே வந்துவிடுவார். ஆகவே ஓட்டுநர் முன்னதாகவே அங்கிருக்க வேண்டும்.

இரண்டாவது, 1981இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் சாங்கி. தமிழகத்திலிருந்து நேர் விமானம் கிடைப்பதால் நம்மவர் பலர் இதை நாடுகின்றனர். ஆனால் அது வேறொரு நாடு என்பதை மறத்தலாகாது. மலேசியாவுக்குள் இந்தியக் கடவுச்சீட்டுடையவர் 30 நாள் வரை விசாவின்றி வரலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இச்சலுகையை மட்டும் நம்பிச் சாங்கிக்கு டிக்கெட் எடுப்பவர் உண்டு. சிங்கப்பூருக்குள் நுழைய இந்தியர் முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டும். அஃதில்லாவிடின், வண்டி வெளியே காத்திருந்தும் பயனில்லை. பிரயாணி வெளியே வர முடியாது. திரும்பும் வழியும் சாங்கியே எனில், அவ்விசா மறுமுறை நுழைவதற்கும் செல்லுமா என்று பார்த்துக்கொள்க. விதிகள் மாறுவன, டிக்கெட் வாங்குமுன் அன்றைய நிலையைக் கேட்டறிவது கடமை.

மூன்றாவது, 1998இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம். அங்கிருந்து ஜொகூர் பாரு 300 கிலோமீட்டருக்கு மேல். நெடும் பிரயாணத்தால் களைத்தவரை மேலும் நான்கு மணி நேரம் காரில் அமர்த்துவதைவிட, செனாய்க்கு உள்நாட்டு விமானத்தில் அனுப்புவது பெரும்பாலும் உடலுக்கு நலம்.

நிலையத்தின் பெயரோடு முனையத்தின் எண்ணையும் சொல்ல வேண்டும். சாங்கியில் நான்கு முனையங்கள், சிப்பாங்கில் இரண்டு. முனையம் தவறினால் ஒரே நிலையத்துக்குள் இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பர்.

சேருமிடத்தையும் இவ்வாறே தெளிவாக்குக. மலேசியாவில் ‘ஜாலான் 5’ என்பது போன்ற எண்ணுடைய தெருக்கள் பல தாமான்களில் இருக்கின்றன. வீட்டு எண், தெரு, தாமான், அஞ்சல் குறியீடு ஆகிய நான்கும் சேர்ந்தாலே முகவரி முழுமையாகும்.

2. எந்த நேரம்?

நள்ளிரவு 12 மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட விமானங்களே நம்மவரை மிகவும் ஏமாற்றுகின்றன. அத்தகைய விமானமெனில், தேதியோடு கிழமைகள் இரண்டையும் சேர்த்து எழுதுக: “வெள்ளி இரவு வீட்டிலிருந்து புறப்பாடு, சனி அதிகாலை விமானம், சனி காலை இறக்கம்” என்று. இப்படி எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே கடிகாரம். இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவது. டிக்கெட்டில் புறப்பாடு அவ்வூர் நேரத்திலும் இறக்கம் இவ்வூர் நேரத்திலும் அச்சிடப்படும். அதன்மேல் யாரும் இரண்டரை மணியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டுவதில்லை. கூட்டிச் சொல்லிக் குழப்புவோர் பலர்.

விமான எண்ணைத் தவறாமல் கொடுங்கள். விமானம் தாமதமானால், ஓட்டுநர் அவ்வெண்ணைக் கொண்டு தாமே அறிந்துகொள்வார். இறங்கியதும் வெளியே வந்துவிட முடியாது. குடிநுழைவு, பெட்டி, சுங்கம் ஆகியவற்றுக்கு நேரம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார், அதற்குமேல் என்ன கட்டணம் என்பதைக் கேட்டுக்கொள்க.

சாங்கி வழி வருபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் கடற்பாலம் நீளத்தில் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆயினும் கூட்ட நேரத்தில் அதைக் கடக்க மணிக்கணக்காகலாம். 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாவது பாலம் சில வேளைகளில் சுற்றாயினும் விரைவு. எவ்வழி என்பதை அன்றைய நெரிசல் பார்த்து ஓட்டுநர் முடிவு செய்யட்டும். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன; 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு என மாறிவிட்டது. பழைய நினைவில் கணக்கிடுவோர் இதைக் கருத்திற் கொள்க. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் பெருநாட்களும் நெரிசலை மேலும் கூட்டும். வெள்ளி நண்பகலில் வண்டி வேண்டுமாயின், ஓட்டுநர் ஜும்ஆவுக்குச் செல்பவரா என்று முன்பே கேட்டு நேரம் குறிப்பது இருவருக்கும் நல்லது.

3. எவர் வண்டி?

இங்கேதான் நம்மவர் பெரிதும் சறுக்குகிறோம். தெரிந்த பையன், மைத்துனரின் நண்பர், ஊர்ச் சொந்தம் என்று பார்க்கிறோமேயன்றி, அவருக்கு உரிமம் உண்டா என்று பார்ப்பதில்லை.

ஹிஜ்ரத்தின் வரலாற்றை நினைத்துப் பார்ப்போம். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மதீனா செல்ல வழிகாட்டியாக ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் வழியறிந்தவர், வாக்கு மாறாதவர். இரு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தௌர் குகையில் சந்திக்குமாறு குறித்தார்கள். அவரும் அவ்வாறே வந்து சேர்ந்தார். இடம், நேரம், ஆள், கூலி யாவும் முன்னரே பேசி முடிக்கப்பட்டன. ஆளைத் தெரிந்தெடுத்தது உறவினாலும் அன்று, ஒரே மார்க்கத்தவர் என்பதாலும் அன்று, தகுதியினாலும் நம்பகத்தினாலும். புகாரி ஷரீபில் இச்செய்தி ‘இஜாரா’ எனும் கூலிக்கமர்த்தும் பாடத்தில் இடம்பெற்றிருப்பது நம் கவனத்துக்குரியது.

இன்று தகுதிக்கு முதல் அடையாளம் உரிமம். மலேசியாவில் டாக்சி ஓட்டுநருக்கும், கைபேசிச் செயலி வழி வாடகைக்கு ஓட்டுபவருக்கும் பொதுச் சேவை வாகன உரிமம் வேண்டும். அஃதில்லாமல் சொந்தக் காரில் ஆளேற்றிக் காசு வாங்குவதை இங்குள்ளோர் ‘கெரெத்தா சாப்பு’ என்பர். வழியில் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓட்டியது தெரியும்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. நாலு காசு மிச்சம் பிடித்து நாதியற்று நிற்கலாமா?

எல்லை கடக்கும் வண்டியெனில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாங்கியில் ஆளேற்றி ஜொகூர் பாருவில் இறக்க, அவ்வண்டிக்கு அதற்கென்ற அனுமதி வேண்டும். 2025இல் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதியின்றி எல்லை கடந்து ஆளேற்றிய வாகனங்கள் பலவற்றைக் கைப்பற்றியது. இக்குற்றத்துக்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், வண்டியும் பறிபோகலாம். தண்டனை ஓட்டுநருக்கே, ஆனால் நடுவழியில் பெட்டியோடு இறக்கிவிடப்படுபவர் நம் வாப்பாவோ உம்மாவோ அல்லவா?

செலவு குறைய வேண்டுவோருக்குச் சட்டத்துக்குட்பட்ட வழியும் இருக்கிறது. சாங்கியிலிருந்து டாக்சியிலோ ரயிலிலோ உட்லண்ட்ஸ் வந்து, பேருந்தில் பாலம் கடந்து, ஜேபி சென்ட்ரல் பக்கம் இறங்கி, அங்கே வண்டி பேசி வைக்கலாம். இரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் தாமே சுமந்து இறங்கி ஏற வேண்டும். இளைஞருக்கு இது சரி. முதியவருக்கும் கைக்குழந்தை உடையவருக்கும் ஏற்றதன்று.

4. என்ன கூலி?

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இஜாராவுக்குத் தனிப் பாடம் உண்டு. பெறும் பயனும் கொடுக்கும் கூலியும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. “பார்த்துக் கொடுங்கள்” என்பது பணிவான பேச்சு; ஆனால் தெளிவான பேச்சன்று. இறங்கும்போது முகம் சுளிக்க வைப்பதும் அதுவே.

கூலி பேசுகையில் இவற்றைக் கேளுங்கள்: சாலைச் சுங்கமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் அதில் அடங்குமா? நள்ளிரவுக்குக் கூடுதல் உண்டா? பாலத்தில் நெரிசலால் தாமதமானால் கூலி ஏறுமா? எத்தனை பேர், எத்தனை பெட்டி? சிறிய காரின் பின்புறம் இரண்டு பெரிய பெட்டி ஏறினாலே இடம் முடிந்துவிடும். நம் வியாபாரிகளோ மாதிரித் துணிக்கட்டு, மசாலாப் பெட்டி என்று ஒன்றுக்கு மூன்றாகக் கொண்டு வருவர். பெட்டி எண்ணிக்கையைச் சொல்லியே பெரிய வண்டியா சிறிய வண்டியா என முடிவு செய்க. விற்பனைச் சரக்கைச் சுங்கத்தில் மறைக்காமல் அறிவிப்பது பிரயாணியின் பொறுப்பு. ஓட்டுநரை அதில் மாட்டிவிடலாகாது.

மேலும் ஒன்று. ‘வெள்ளி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்குள்ள தமிழர் ரிங்கிட்டையும் வெள்ளி என்பர், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்பர். இரு நாட்டு நாணயங்களும் சரிக்குச் சரி மாறி வந்தது 1973இல் முடிந்தது. சொல் மட்டும் இரு கரையிலும் தங்கிவிட்டது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். “நூறு வெள்ளி” என்று பேசி முடித்தவர், இறங்குமிடத்தில் எந்த வெள்ளி என்று வழக்காடியதை நாம் கேட்டிருக்கிறோம். எந்த நாட்டு வெள்ளி என்பதையும் சேர்த்தே சொல்லுக.

நம் கடமையையும் மறக்கலாகாது. பிரயாணம் தள்ளிப்போனால் உடனே அறிவிக்க வேண்டும். நமக்காகக் காத்திருந்த ஓட்டுநருக்குப் பேசியபடி காத்திருப்புக் கூலியைக் கொடுக்க வேண்டும். அந்நேரத்தில் அவர் வேறு சவாரியை இழந்திருப்பார். அவரும் நம்மைப்போல் நாள் வருமானத்தில் குடும்பம் நடத்துபவரே.

5. எப்படி அடையாளம் காண்பது?

நம் பெயர்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘முகம்மது’ என்று மட்டும் எழுதிய அட்டையை ஓட்டுநர் உயர்த்தினால், நம் விமானத்திலிருந்து பத்துப் பேர் அவரிடம் வந்து நிற்பர். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முதியவர் ஆங்கில எழுத்து அறியாதவராயின், தமிழிலும் பெயரெழுதிய அட்டையைப் படமாக அனுப்பி, அச்சிட்டு வரச் சொல்லலாம். ஓட்டுநரின் படமும் வண்டி எண்ணும் பிரயாணியிடம் முன்பே இருக்கட்டும்.

கைபேசி வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்க. காகிதத்தில், நாட்டுக் குறியீட்டோடு, இரண்டு எண்களாவது எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புக. ஓட்டுநரைக் காணாவிடின் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். வாசலில் வந்து கையைப் பிடிக்கும் முன்பின் தெரியாதவருடன் போகலாகாது.

மலேசியா வரும் வெளிநாட்டவர் 2024 ஜனவரி 1 முதல் மின்னியல் வருகை அட்டையை, வருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் வழி வருபவருக்கு அந்நாட்டு அட்டையும் தேவை. இரண்டுக்கும் அரசாங்கத் தளங்களில் கட்டணமில்லை. காசு கேட்பவர் இடைத்தரகர் என்று அறிக. இவை நிரப்பாதவர் உள்ளே சுணங்க, வெளியே காத்திருப்புக் கூலி ஏறும்.

மாதிரிச் செய்தி

மேற்கண்டவற்றை ஒரு சிறு செய்தியாக எழுதி அனுப்பி, ஓட்டுநரிடமிருந்து “சம்மதம்” என்ற மறுமொழி பெற்றுக்கொள்க. மாதிரி வருமாறு:

“வருபவர் என் வாப்பா, பெயர் (கடவுச்சீட்டில் உள்ளபடி). வயது 72, மெதுவாக நடப்பார். இறங்குமிடம் செனாய். விமான எண் இன்னது. சனிக்கிழமை, இன்ன தேதி, மலேசிய நேரம் காலை 10.30. பெட்டி இரண்டு. சேருமிடம்: வீட்டு எண், தெரு, தாமான், அஞ்சல் குறியீடு. கூலி இவ்வளவு மலேசிய ரிங்கிட். சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் இதில் அடக்கம். ஒரு மணி நேரக் காத்திருப்பு இலவசம். அதற்குமேல் மணிக்கு இவ்வளவு. தங்கள் பெயர், வண்டி எண், உரிம விவரம் அனுப்புக. என் எண் இது. எடுக்காவிடில் என் தம்பியின் எண் இது.”

எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் பழக்கம் நம் வியாபாரிகளுக்குப் புதிதன்று. கடைக் கணக்குக்கு எழுதும் கை, வீட்டுப் பெரியவரின் வருகைக்கும் எழுதட்டும்.

பயில்வோருக்குச் சில வினாக்கள்

1. 20ஆம் தேதி 00.30க்குப் புறப்படும் விமானத்துக்கு எந்த நாள் இரவு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?
2. மலேசியாவுக்கு விசா வேண்டாத இந்தியர், சாங்கியில் இறங்கினால் என்ன பார்க்க வேண்டும்?
3. ‘வெள்ளி’ என்று மட்டும் கூலி பேசுவதில் என்ன குறை?
4. உறவினரின் உரிமமில்லாக் காரைவிட, அறிமுகமற்றவரின் உரிமமுள்ள வண்டி மேலானது ஏன்?

இவற்றுக்கு விடை தெரிந்தவர் தம் கடைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மேலே சொன்ன அன்பர், அன்றிலிருந்து யார் வருவதாயினும் டிக்கெட்டை வாங்கித் தம் கையாலேயே எழுதி, ஓட்டுநருக்கு ஒன்று, கல்லாப்பெட்டிக்கு ஒன்று, வருபவரின் சட்டைப்பைக்கு ஒன்று என மூன்று பிரதிகள் ஆக்குகிறார். “வாப்பா அன்று பசிக்கவில்லை என்றார், அதுதான் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை” என்று நம்மிடம் சொன்னார். வருபவர் நம்மை நம்பியே வருகிறார். அவர் இறங்குமுன் வண்டி பேசி முடித்திருப்பது அந்நம்பிக்கைக்கு நாம் தரும் முதல் மரியாதை.